செம்பூர் அடுப்பும் செங்கடல் தீயும்

செம்பூரை ஒட்டிய மாஹுலில் இரண்டு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் இரவு பகலாக இயங்குகின்றன. 1950களில் ஸ்டான்வாக்கும் (பின்னர் எஸ்ஸோ) பர்மா ஷெல்லும் நிறுவியவை. இன்று பொதுத்துறை வசம். மாட்டுங்கா ஓட்டல்களின் கேஸ் அடுப்பும் தாராவித் தோல் பட்டறைகளுக்கு வரும் லாரியும் நம்பியிருப்பது பெரும்பாலும் கடல் கடந்து வரும் எரிபொருளைத்தான். நாட்டின் கச்சா எண்ணெய்த் தேவையில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி.

அந்தக் கடல்வழியின் ஆபத்து 2024 ஜனவரி 26 அன்று வெளிச்சமானது. செங்கடலைத் தாண்டி ஏடன் வளைகுடாவுக்கு வந்திருந்த 'மார்லின் லுவாண்டா' கப்பலை ஹூத்திகளின் ஏவுகணை தாக்கியது. உள்ளே நாப்தா சரக்கு. 22 இந்திய மாலுமிகள். 'ஐஎன்எஸ் விசாகப்பட்டினம்' தீயணைப்புக் குழுவை அனுப்பியது. அமெரிக்க, பிரெஞ்சுப் போர்க்கப்பல்களும் கைகொடுத்தன. தீ அணைந்தது.

வேடிக்கை என்னவென்றால், செங்கடலுக்காக அமெரிக்கா 2023 டிசம்பரில் அமைத்த கூட்டுப் படையில் இந்தியா சேரவில்லை. ஒப்பந்தக் கூட்டணி இல்லை. ஆனால் 1992இல் தொடங்கிய மலபார் கூட்டுப் பயிற்சி போன்றவை தந்த பழக்கம் இருக்கிறது.

அது மட்டும் போதுமா? விசாகப்பட்டினம், மங்களூர், பாதூர் நிலத்தடிக் கிடங்குகளின் கொள்ளளவு 53.3 லட்சம் டன். அரசின் கணக்குப்படியே சுமார் ஒன்பதரை நாள் தேவைக்குத்தான் வரும். போர்க்கப்பல்கள் தீயை அணைக்கலாம். அடுப்பை எரியவைக்கக் கையிருப்பு வேண்டும்.