நிஜ சைஸ் டைனோசர் பார்க்கணுமா? நம்ம அரியலூர் ராட்சதனைத் தெரிஞ்சுக்கோங்க!

வல்லம் வடகால் சிப்காட்டில் வாரம் முழுக்க ஷிஃப்ட். லீவு நாளில் பிள்ளைங்க கேட்பது ஒன்றுதான்: "அப்பா, நிஜ சைஸ் டைனோசர் எங்கே இருக்கு?"

குஜராத்தின் ரையோலியில் இருக்கிறது. ராஜாசாரஸ் எலும்புகள் கிடைத்த ஊர் அது. 2019-ல் அங்கே டைனோசர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

ஆனால், அதைவிடப் பல மடங்கு பெரிய விலங்கு நம்ம அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் கிடைத்தது. பெயர் புருகத்காயோசாரஸ், 'பேருடல் பல்லி' என்று பொருள். முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு மட்டுமே சுமார் 2 மீட்டர்! 1980-களில் இதை அறிவித்தபோது ஊன் உண்ணி என்றே நினைத்தார்கள். பிறகுதான் நீள் கழுத்துத் தாவர உண்ணி எனத் தெரிந்தது.

அந்த எலும்பைப் பார்க்கலாமா? முடியாது. தோண்டி எடுத்த எலும்புகள் நொறுங்கிப் போய்விட்டன. மிஞ்சியவை வரைபடங்களும் சில படங்களும்தான். அதனால்தான் அதன் உண்மையான அளவு பற்றி இன்றும் விவாதம் நடக்கிறது.

குடும்பத்தோடு போக, அரியலூர் அருகே வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. அந்தப் பகுதி ஒருகாலத்தில் கடல் என்பதற்கு அங்குள்ள அம்மோனைட் படிமங்களே சாட்சி. கிளம்பும்போது ஒரு டேப் எடுத்துக்கோங்க. தரையில் 2 மீட்டர் அளந்து, பிள்ளையைப் பக்கத்தில் படுக்க வையுங்க. அந்தக் காலின் அளவு சட்டெனப் புரியும்.

இன்னொன்று: ஸ்ரீபெரும்புதூர் பாறை அடுக்குகளிலும் டைனோசர் காலத்து இலைப் படிமங்கள் உண்டு. அஸ்திவாரம் தோண்டும்போது கல்லில் இலை தெரிந்தால் உடைக்காதீங்க. ஒரு ராட்சதனை இழந்தது போதும்.