குறட்டையும் கணக்கில் வர வேண்டும்



கும்மிடிப்பூண்டியில் 38 ஆண்டுகளாக அரிசி, பருப்பு மொத்த வியாபாரம் செய்து வருகிறேன். சர்க்கரை வந்து 14 ஆண்டுகள், ரத்த அழுத்தம் வந்து 9 ஆண்டுகள். மாத்திரை தவறியதில்லை. ஆனாலும் மூன்று ஆண்டுகளுக்கு முன் அழுத்தம் இறங்கவே மறுத்தது. மதியம் கல்லாவில் உட்கார்ந்தபடியே கண் செருகும். 20 மூட்டைக்கு 12 என்று சிட்டை எழுதிய நாளும் உண்டு. வயதாகிவிட்டது என்றே நினைத்தேன்.

ஒரு நாள் விடியற்காலை செங்குன்றம் மண்டிக்கு நானே கார் ஓட்டிச் சென்றபோது, நெடுஞ்சாலையில் கண் மூடிவிட்டது. பக்கத்தில் இருந்த மகன் ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பியிராவிட்டால், முன்னால் போன டிரெய்லருக்குள் புகுந்திருப்போம். அன்றிரவுதான் என் துணைவியார் சொன்னார்: "குறட்டைகூடப் பரவாயில்லைங்க. நடுவுல மூச்சே நின்னுபோகுது. திரும்ப வர்ற வரைக்கும் நான் உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருப்பேன்." எத்தனை ஆண்டுகள் அவர் அப்படி விழித்திருந்தாரோ!

இதற்கு ஸ்லீப் ஆப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் என்று பெயர். பீப்பாயிலிருந்து எண்ணெய் இறக்கும்போது, குழாய் பழசாகித் துவண்டிருந்தால் உறிஞ்சியதும் ஒட்டிக்கொள்ளும் அல்லவா? தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப் பாதையும் அப்படி அடைபடுகிறது. ரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. மூளை திடுக்கிட்டு எழுப்புகிறது. நமக்கு அது நினைவிருக்காது. ஆனால் ஒவ்வொரு முறையும் ரத்த அழுத்தம் எகிறுகிறது, இன்சுலினும் சரியாக வேலை செய்வதில்லை. சர்க்கரைக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரவில் நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுவதைச் சர்க்கரை என்றே நான் நினைத்திருந்தேன். அதற்கு இந்த மூச்சுத் தடையும் காரணமாகலாமாம்.

சென்னையில் ஓர் இரவு தூக்கப் பரிசோதனை செய்தார்கள். குறைந்தது 10 விநாடி மூச்சு நின்றாலோ குறைந்தாலோ கணக்கில் சேர்ப்பார்கள். மணிக்கு 5 முறைக்குள் என்றால் கவலையில்லை, 30க்கு மேல் போனால் கடுமை. எனக்கு 41.

பருமனாக இருப்பவர்களுக்கு அதிகம் என்றாலும், தாடை சிறுத்த ஒல்லியானவர்களையும் இது விடுவதில்லை. 2022 பிப்ரவரி 15 அன்று மும்பையில் காலமான இசையமைப்பாளர் பப்பி லஹிரிக்கும் இந்த நோய் இருந்தது. நாமோ கும்பகர்ணன் என்று கேலி பேசிவிட்டுப் போகிறோம்.

மருந்து என்பது சீபேப் என்ற கருவி. ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் 1981இல் அறிமுகப்படுத்தியது. மூக்கில் முகமூடி மாட்டிக்கொண்டால், காற்றை அழுத்தத்துடன் செலுத்திப் பாதையைத் திறந்தே வைத்திருக்கும். எனக்கு 40,000 ரூபாய்க்கு மேல் ஆயிற்று. முதல் பத்து நாள் கழற்றி எறிந்தேன். முகமூடி அளவு மாற்றிய பிறகே பழகியது. மின்வெட்டுக்கு இன்வெர்ட்டர் வேண்டும். கடைக்கு மேலேயே வீடு உள்ளவர்கள், மிளகாய்த் தூளும் மாவும் பறக்கும் இடமாதலால், காற்று வடிகட்டியை அடிக்கடி பார்க்க வேண்டும். மலிவு என்று பழைய கருவி வாங்குவோர் மாடலை விசாரித்து வாங்கவும். உள்ளிருக்கும் நுரைப் பஞ்சு சிதைவதால், 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் ஏராளமான கருவிகளைத் திரும்பப் பெற்றது.

பலன்? அழுத்த மாத்திரை மூன்று இரண்டாயிற்று. பகலில் கண் செருகுவதில்லை. சர்க்கரை மட்டும் அப்படியேதான் இருக்கிறது. அதற்கு நடையும் வாய்க்கட்டும்தான் வழி. மதுவும் தூக்க மாத்திரையும் தொண்டையை இன்னும் தளர்த்தும் என்பதால் இரண்டும் ஆகாது. அறுவை சிகிச்சை என்றால் மயக்க மருந்து கொடுப்பவரிடம் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, அழுத்த மாத்திரைகள் பலருக்கு வீட்டுக்கே வருகின்றன. குறட்டையை நாமாகத்தான் சொல்ல வேண்டும், அதுவும் பக்கத்தில் படுப்பவரைக் கேட்டுச் சொல்ல வேண்டும்.

நம் லோடு ஓட்டும் டிரைவர்களையும் நினைக்க வேண்டியிருக்கிறது. எங்களிடம் நெல்லூர் லோடுக்குப் போகும் ஒருவர் கிடங்கில் படுத்தால் தெருவுக்கே கேட்கும். திங்கட்கிழமை அவரைத் திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறேன். அதுவரை இரவு லோடு வேண்டாம் என்று நிறுத்திவிட்டேன். பேட்டா குறையும் என்று வருத்தப்பட்டார். அதையும் நானே கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறேன்.