கிறிஸ்தவர் என்பது யார் இட்ட பெயர்?

விடுதியில் என் அறையிலேயே தங்கியிருக்கும் பீகார் நண்பர் சென்ற மாதம் ஓர் இரவு என்னிடம் கேட்டார்: “உன் மதத்தின் பெயரே ஆங்கிலச் சொல். பிறகு அது எப்படி உன் சொந்த மதம் ஆகும்?” கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளவே கேட்டார். வேதியியல் முதுகலை பயிலும் எனக்கு ஆய்வுக்கூடத்துப் புட்டிகளின் பெயர்களுக்கெல்லாம் பொருள் தெரியும். 23 ஆண்டுகளாகச் சுமந்து வரும் பெயருக்குத் தெரியவில்லை. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டேன். வெட்கமாகத்தான் இருந்தது.

மறுநாள் முதல் நூலகத்தில் தேடிக் கண்டதை இங்கே சொல்லுகிறேன்.

கிறிஸ்து என்பது இயேசுவின் குடும்பப் பெயர் என்று நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். அன்று, அது ஒரு பட்டம். பழைய யூதர்கள் தம் அரசர்களையும் குருக்களையும் தலையில் ஒலிவ எண்ணெய் வார்த்துப் பதவியில் அமர்த்தினர். அவ்வாறு எண்ணெய் வார்க்கப்பெற்றவரைக் குறிக்கும் எபிரேயச் சொல்லே மேசியா. அதன் கிரேக்க மொழிபெயர்ப்பே கிறிஸ்து. தமிழ் வேதாகமம் இதற்கு ‘அபிஷேகம்’ என்றே எழுதுகிறது. நம் கோயில்களில் வழங்கும் அதே சொல்தான்! இன்னொரு வியப்பு: யூதரே அல்லாத பாரசீக மன்னர் கோரேசுக்கும் ஏசாயாவின் நூல் இப்பட்டத்தைத் தருகிறது.

சரி, கிறிஸ்தவர்? இது இயேசு இட்ட பெயரன்று. தொடக்க காலச் சீடர்கள் தம் நெறியை ‘மார்க்கம்’ என்றே வழங்கினர். அந்தியோகியாவில்தான், இன்று துருக்கியில் அந்தாக்கியா எனப்படும் நகரில்தான், அவர்கள் முதன்முதல் கிறிஸ்தவர் எனப் பெயர் பெற்றனர் என்று அப்போஸ்தலர் நடபடிகள் 11ஆம் அதிகாரம் கூறுகிறது. அழைத்தவர் யார் என்று கூறவில்லை. ஆனால் சொல்லின் வால் இலத்தீன் விகுதி. சீசரின் ஆட்களையும் ஏரோதின் ஆட்களையும் குறிக்கும் சொற்களில் வருவது. எனவே ‘கிறிஸ்துவின் கட்சிக்காரர்’ என்று ஊரார் ஒட்டிய சீட்டு இது என்பர் அறிஞர் பலர். புதிய ஏற்பாடு முழுவதிலும் இச்சொல் மூன்றே முறை வருகிறது. மதத்தின் பெயரான ‘கிறிஸ்தவம்’ அதில் ஓரிடத்திலும் இல்லை! இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே நகரின் ஆயர் இக்னேஷியஸ் எழுதிய கடிதத்தில்தான் அதை முதலில் காண்கிறோம்.

எபிரேயக் கருத்து, கிரேக்க உடல், இலத்தீன் வால். ஆங்கிலம் பிறப்பதற்குப் பல நூற்றாண்டு முந்தியது!

நண்பரிடம் இதைச் சொன்னேன். சிறிது நேரம் யோசித்தார். “அப்படியானால் நாங்கள் ‘ஈசாயி’ என்பதும் ஊரார் இட்ட பெயர்தானே?” என்றார். ஆம், ஈசா என்ற பெயரிலிருந்து வந்தது. கேரளத்து ‘நஸ்ராணி’ நாசரேத் என்னும் ஊரிலிருந்து வந்தது. நெல்லைப் பக்கத்து எங்கள் ஆச்சிக்கோ இவை ஒன்றும் தெரியாது. “நாம வேதக்காரங்க” என்பார்.

“உனக்கு எந்தப் பெயர் பிடிக்கும்?” என்று கேட்டார் நண்பர்.

ஆச்சி சொல்வதைச் சொன்னேன். இரண்டு நாளாக அதைச் சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறார்.