உள்ளே ஆள் இல்லையா? கேள்வி கேளுங்கள்

“உள்ளே ஆள் இருந்தால்தான் வேலை கிடைக்கும்” என்று நம் வீடுகளில் அடிக்கடி சொல்வார்கள். என் அப்பா பேருந்து ஓட்டுநர். வங்கியிலோ தொழில்நுட்ப நிறுவனத்திலோ எங்களுக்குத் தெரிந்தவர் யாருமில்லை.

2003ல் தொடங்கிய ‘லிங்க்ட்இன்’ தளம் இக்குறையை ஓரளவு தீர்க்கிறது. 16 வயதிலிருந்து அதில் சேரலாம். வேலை விளம்பரங்களோடு நின்றுவிடாதீர்கள். உங்கள் பலதுறைத் தொழிற்கல்லூரி அல்லது பல்கலைக்கழகப் பக்கத்தில் முன்னாள் மாணவர்கள் பகுதியைத் திறந்தால், உங்கள் துறையில் படித்தவர்கள் இன்று எங்கே வேலை செய்கிறார்கள் என்று பார்க்கலாம்.

அவர்களிடம் எடுத்த எடுப்பிலேயே வேலை கேட்க வேண்டாம். “நானும் இதே துறையில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வேலைப் பயிற்சிக்கு முன் எந்த மென்பொருளைக் கற்றுக்கொள்வது நல்லது?” என்று ஐந்து பேருக்கு எழுதினேன். இருவர் பதில் அனுப்பினர். அவர்களில் ஒருவர் இருபது நிமிடம் தொலைபேசியில் பேசினார். என் தன்விவரக் குறிப்பையும் திருத்தித் தந்தார். வேலைப் பயிற்சிக்கு நானே விண்ணப்பித்தேன். நேர்காணலில் அந்த மென்பொருளைப் பற்றித்தான் முதலில் கேட்டார்கள். இடம் கிடைத்தது.

ஓர் எச்சரிக்கை: வேலை தருவதாகச் சொல்லி முன்பணமோ வங்கி விவரமோ கேட்பவர்களுக்குப் பதில் எழுதாதீர்கள்.

அடுத்த விடுமுறைக்குள் ஒரு மூத்த மாணவருக்காவது எழுதிப் பாருங்கள்.