தெரியாது என்று சொல்லத் தெரிந்தவர்கள்

இங்கிலாந்தின் பிரசித்தி பெற்ற நாஸ்திகரும் பாராளுமன்ற அங்கத்தினருமான சார்லஸ் பிராட்லா 1891ஆம் ஆண்டில் காலமானபோது, இந்தியாவின்பால் அவர் காட்டிய அபிமானத்தை நினைந்து லண்டன்வாழ் இந்தியர்கள் பலர் புரூக்வுட் இடுகாட்டுக்குச் சென்றிருந்தார்கள். சட்டம் படித்துக்கொண்டிருந்த மோகன்தாஸ் காந்தி என்ற இருபத்தொரு வயது இளைஞரும் அவர்களில் ஒருவர். சடங்கு முடிந்து ரயிலுக்குக் காத்திருந்த வேளையில், கூட்டத்திலிருந்த நாஸ்திக வீரர் ஒருவர் அங்கே வந்திருந்த ஒரு பாதிரியாரை வழிமறித்து, கடவுள் உண்டென்று நம்புகிறீரா என்று கேட்டார். பாதிரியார் தணிந்த குரலில் ஆம் என்றார். பூமியின் சுற்றளவு 28,000 மைல் என்பதையும் ஒப்புக்கொள்கிறீர் அல்லவா என்பது அடுத்த கேள்வி, அதற்கும் ஆம். அப்படியானால் உம்முடைய கடவுளின் அளவென்ன, இருப்பிடமெங்கே என்று சொல்லும் பார்க்கலாம் என்றார் அவர். நாம் அறிந்துகொண்டோமானால் நம் இருவர் உள்ளத்திலும்தான் அவர் வசிக்கிறார் என்று பாதிரியார் சொல்ல, என்னைக் குழந்தையென்று எண்ணிவிட்டீரோ என்று கேட்டுவிட்டுச் சுற்றி நின்றவர்களை வெற்றிப் பார்வை பார்த்தார் வீரர். பாதிரியார் அதற்குமேல் வாய் திறக்கவில்லை.

இந்தச் சம்பவத்தைத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கும் காந்தி, அதைக் கேட்ட பிறகு நாஸ்திகத்தின்மீது தமக்கிருந்த வெறுப்பு இன்னும் அதிகமாயிற்று என்கிறார். தர்க்கத்தில் தோற்றவர் பாதிரியார். ஆனால் வேடிக்கை பார்த்து நின்ற ஒரு மனிதரை நெடுங்காலத்துக்கு இழந்தது வென்ற கட்சி. இன்னொன்றையும் இடையே சொல்லிவைக்கலாம்: பூமியின் சுற்றளவு ஏறக்குறைய 25,000 மைல்தான். பிசகு கேட்டவருடையதோ, முப்பது வருஷத்துக்கு மேல் கழித்து ஞாபகத்திலிருந்து எழுதியவருடையதோ, யாருடையதானாலும், பிரமாணமாக எடுத்து நீட்டப்பட்ட அந்த ஒரே கணக்கில் மூவாயிரம் மைல் உதைக்கிறது.

கடவுளைப் பற்றிய வாதங்களில் விநயம் என்பது எப்படி இருக்கும் என்று காட்டவும் அதே காந்தியின் வாழ்விலிருந்தே ஓர் உதாரணம் கிடைக்கிறது. கோரா என்று ஆந்திர தேசம் முழுவதும் அறிந்த கோபராஜு ராமச்சந்திர ராவ், 1902இல் பிராமணக் குடும்பமொன்றில் பிறந்து, சென்னையில் தாவர சாஸ்திரம் பயின்று, மதுரை அமெரிக்கன் கல்லூரியில் ஆசிரியராகவும் சில காலம் இருந்தவர். தம் நாஸ்திகக் கருத்துக்களை ஒளிக்காமல் பேசியதன் பயனாகக் காக்கிநாடாவில் 1933இல் உத்தியோகத்தை இழந்தார். பிறகு மசூலிப்பட்டணத்துக் கல்லூரி வேலையையும் துறந்து, 1940இல் கிருஷ்ணா ஜில்லாவைச் சேர்ந்த முதுனூரில் நாஸ்திக மையம் ஒன்றை நிறுவி, தீண்டாமை ஒழிப்பிலும் முதியோர் கல்வியிலும் முனைந்தார். கடவுள் என்பதற்கு நீங்கள் கொள்ளும் பொருள் யாது என்று 1930இல் அவர் காந்திக்கு எழுதியபோது, கடவுள் மனித அறிவுக்கு அப்பாற்பட்டவர் என்று சுருக்கமாகப் பதில் வந்தது. 1941இல் மறுபடியும் எழுதிச் சந்திக்க அனுமதி கேட்டபோது கிடைத்தது அதனினும் கடுமையான பதில்: நாஸ்திகம் தன்னையே மறுப்பதாகும், அதைப் பரப்புவதில் எவரும் வென்றதில்லை, பேச்சுக்கு நேரமில்லை என்பது அதன் சாரம். காந்தியை எப்போதும் குளிர்ந்த முகத்தோடே சித்திரிக்க விரும்புகிறவர்கள் இந்தக் கடிதத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள். நான் தாண்ட விரும்பவில்லை. ஏனென்றால் பின்னால் வந்த நெகிழ்ச்சி சுபாவமாக அமைந்ததன்று, சம்பாதிக்கப்பட்டது என்பதற்கு அதுவே சாட்சி.

1944ஆம் வருஷக் கடைசியில் காந்தியின் சேவாக்கிராம ஆசிரமத்தில் இருவரும் சந்தித்தார்கள். கடவுளற்ற மனிதரோடு நான் என்ன பேசுவது என்று காந்தி சிரித்தபடி கேட்க, நான் கடவுளற்றவன் அல்லேன், நாஸ்திகன் என்று கோரா திருத்தினார். கடவுளற்றிருப்பது வெறும் இன்மை, நாஸ்திகமோ தன் செயலுக்குத் தானே பொறுப்பென்று மனிதனை நிமிர்ந்து நிற்கச் செய்யும் கொள்கை என்பது அவர் வாதம். முந்திய வருஷம் வங்காளத்தைச் சூறையாடிய பஞ்சத்தை அவர் எடுத்துக்காட்டினார். தின்பண்டங்கள் நிறைந்த கடைகளுக்கு எதிரிலேயே, எல்லாம் விதி என்று கை நீட்டாமல் செத்து விழுந்த ஏழைகளைக் காப்பாற்றாத ஆஸ்திகம் எதற்கு என்பது கேள்வி. அந்தக் கேள்வியில் நியாயமும் உண்டு, அவசரமும் உண்டு. பசியால் ஒடுங்கிய உடம்பில் கலகம் செய்யத் தெம்பு இருக்குமா என்று எவரும் திருப்பிக் கேட்டிருக்கலாம். காந்தி இடைமறிக்காமல் கேட்டார்.

கேட்டு முடித்தபின் அவர் சொன்னதன் கருத்து இது: என் ஆஸ்திகமே சரி என்று நான் சொல்ல முடியாது, உங்கள் நாஸ்திகம் தவறென்றும் சொல்ல முடியாது, இருவரும் சத்தியத்தைத் தேடுகிறவர்கள், யார் சரி என்பதை விளைவுகள் காட்டட்டும், அப்போது நான் உங்கள் வழிக்கு வரலாம், நீங்கள் என் வழிக்கு வரலாம், அல்லது இருவருமே மூன்றாவதொரு வழியில் போகலாம். முறை தமக்கு மாறுபட்டதேயாயினும் கோராவின் வேலைக்கு உதவுவதாகவும் சொன்னார். இதை வெறும் உபசாரம் என்று கொள்வதற்கில்லை. அவர் பிரார்த்தனையை நிறுத்தவில்லை. கோராவும் தம் கொள்கையில் ஒரு சொல்லையும் குறைத்துக்கொள்ளவில்லை. கடவுள் உண்டா என்ற விஷயத்தில் தீர்ப்பை விளைவுகளுக்கு விட்டுவைத்த அவ்விருவரும், தீண்டாமை கொடிது என்ற விஷயத்தில் இம்மியும் தளரவில்லை. எந்தெந்த விஷயத்தில் சந்தேகத்துக்கு இடமுண்டு, எதில் இல்லை என்று பிரித்தறிந்ததே அவர்களுடைய விநயம். யார் கண்டார்கள் என்று தோளைக் குலுக்கிவிட்டு எழுந்து போகும் சோம்பலை அதனோடு சேர்த்து எண்ணலாகாது.

ஒப்புநோக்க மற்றொரு சம்பாஷணையும் உண்டு. தத்துவ ஞானி பெர்ட்ரண்ட் ரஸ்ஸலும் ஏசு சபைப் பாதிரியாரான காப்பிள்ஸ்டனும் 1948 ஜனவரி 28ஆம் தேதி லண்டன் வானொலியில் கடவுளின் இருப்பைக் குறித்து விவாதித்தார்கள். கடவுள் இல்லையென்று நிரூபிக்க முடியும் என்பீரா என்று பாதிரியார் ஆரம்பத்திலேயே கேட்டார். அப்படிச் சொல்லமாட்டேன், அறிய முடியவில்லை என்பதே என் நிலை என்றார் ரஸ்ஸல். மரியாதையிலும் நேர்மையிலும் குறைவற்ற விவாதந்தான். ஆயினும் உலகம் முழுமைக்கும் ஒரு காரணம் தேட வேண்டுமா என்ற இடத்தில் முட்டிக்கொண்டு, இருவரும் அவரவர் கரையிலேயே நின்றுவிட்டார்கள். பொதுவாகச் செய்ய ஒரு வேலை அவர்களுக்கு இல்லை. ஆதலால் விளைவைக் கொண்டு தீர்ப்புக் காண்பதற்கும் வழியில்லை.

கோராவுக்கும் காந்திக்கும் அப்படியொரு பொது வேலை இருந்தது. கோரா தம் மூத்த மகளை ஹரிஜன இளைஞர் ஒருவருக்கு மணம் செய்து கொடுக்கத் தீர்மானித்தபோது, ஆசிரமத்திலேயே விவாகத்தை நடத்தலாம் என்று காந்தி மகிழ்ச்சியோடு முன்வந்தார். கடவுளின் பெயரால் என்று சடங்கில் வரும் இடத்தை நாஸ்திகர் ஏற்பது எப்படி என்ற சிக்கல் எழுந்தது. அங்கே சத்தியத்தின் பெயரால் என்று சொல்லிக்கொள்வதாகக் காந்தி இசைந்தார். கடவுளே சத்தியம் என்று பல காலம் சொல்லிவந்தவர், சத்தியமே கடவுள் என்று அதைத் திருப்பிப் போட்டு 1931இல் ஸ்விட்ஜர்லாந்தின் லோஸான் நகரில் விளக்கியிருந்தவராகையால், இந்த மாற்றம் அவருக்கு நஷ்டமாகத் தோன்றவில்லை. சத்தியத்தை மறுக்காத கோராவுக்கும் அது தோல்வியன்று. லண்டன் விவாதம் ஒலிபரப்பாகி இரண்டாம் நாள் காந்தி சுடப்பட்டார். விவாகம் அதே வருஷம் மார்ச் 13ஆம் தேதி சேவாக்கிராமத்திலேயே நடந்தது.

இச்சந்திப்புகளைக் கோரா எழுதிய சிறு நூலை 1951இல் காந்தியின் நவஜீவன் நிறுவனமே, அவருடைய நெருங்கிய சகாவான கிஷோர்லால் மஷ்ருவாலாவின் முன்னுரையோடு வெளியிட்டது. கோரா 1975இல் மறையும்வரை நாஸ்திகராகவே இருந்தார்.