உங்களுக்குத் தெரியுமா? கரண்ட் பில்லில் இருக்கிறது கரியமிலக் கணக்கு

● பங்குச்சந்தை மதிப்பில் முதல் 1000 இடங்களில் உள்ள இந்திய நிறுவனங்கள், 2022-23 முதல் லாப நட்டக் கணக்கோடு சுற்றுச்சூழல் கணக்கையும் கட்டாயம் வெளியிடுகின்றன. பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி வகுத்த இந்த அறிக்கைக்கு பி.ஆர்.எஸ்.ஆர். என்று பெயர். இதன் முன்னோடி 2012-இல் வந்தபோது 100 நிறுவனங்களுக்கு மட்டுமே கட்டாயம்.

● விழுப்புரம் மாவட்டம் அனந்தபுரத்தில் நெல் அவித்து அரைக்கும் மில்காரரைச் செபி எதுவும் கேட்பதில்லை. அவரிடம் சரக்கு எடுக்கும் பெரிய நிறுவனம் கேட்கலாம். தன் கொள்முதலிலோ விற்பனையிலோ 2 சதவீதமோ அதற்கு மேலோ பங்குள்ளவர்களின் விவரங்களைத் தரும் முறை, முதல் 250 நிறுவனங்களுக்கு 2025-26 முதல் விருப்பத்தின் பேரில் வந்திருக்கிறது. இன்று விருப்பம் என்பது நாளை கட்டாயமாகலாம். பி.ஆர்.எஸ்.ஆர். அறிக்கையே 2021-22-இல் விருப்பமாகத் தொடங்கி மறு ஆண்டே கட்டாயமானதுதான்.

● அப்படிக் கேட்டால் தர வேண்டிய கரியமிலக் கணக்கைப் போடப் பெரிய படிப்பு வேண்டாம். மின்வாரியத்தின் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு. ஜெனரேட்டரில் எரியும் ஒரு லிட்டர் டீசலுக்கு இரண்டரைக் கிலோவுக்கும் மேல். மாதம் 1000 யூனிட் ஓடும் மில்லின் கணக்கு 700 கிலோ. கரண்ட் பில்லும் டீசல் ரசீதும் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

● பாய்லரில் எரியும் உமியின் கரியமில வாயு தனிக் கணக்கில் போகும். பயிர் வளரும்போது காற்றிலிருந்து எடுத்ததுதான் அது. முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலையில் மின்சாரம் தரும் கரும்புச் சக்கைக்கும் இதே கணக்குதான். ஆனால் அந்தப் புகையோடு வரும் சிறிதளவு மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு இரண்டையும் ஆலையின் கணக்கில்தான் எழுத வேண்டும். உமிக்கு எடைச்சீட்டு வைக்காத மில்காரர், தனக்குச் சாதகமான எண்ணைத்தான் தொலைக்கிறார்.

● பி.ஆர்.எஸ்.ஆர். அறிக்கை வெறும் புகைக் கணக்கு அல்ல. நம் பக்கத்துத் தொழிலுக்கு இதில் மிகவும் உதவக்கூடிய கேள்வி எது என்று கேட்டால், சரக்குக்கு எத்தனை நாளில் பணம் கொடுக்கிறீர்கள் என்பதைத்தான் சொல்வேன். பெரிய நிறுவனம் அதை நாள் கணக்கில் எழுதியாக வேண்டும். சிறு, குறு தொழில்களிடமிருந்து எத்தனை சதவீதம் வாங்குகிறது, கிராமத்திலும் சிறு நகரத்திலும் வேலை செய்பவர்களுக்குச் சம்பளச் செலவில் எவ்வளவு போகிறது என்பவையும் அதில் உண்டு. மக்கள்தொகை 10,000-க்குக் கீழ் என்றால் கிராமம். அதற்கு மேல் ஒரு லட்சத்துக்குள் சிறு நகரம். மத்திய அரசின் உத்யம் தளத்தில் பதிவு செய்த சிறு, குறு உற்பத்தியாளருக்குச் சட்டப்படி 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்கக் கூடாது. பதிவு இல்லாமல் இந்தப் பாதுகாப்பைக் கேட்டு நிற்பது கடினம். அந்தப் பதிவுக்குக் கட்டணமே கிடையாது.

● பேரிடர் வந்தால் தொழில் தொடர என்ன திட்டம்? இதுவும் அறிக்கையில் உள்ள கேள்வி. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, திண்டிவனத்தை ஒட்டிய மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மூட்டைகளை உயரமான மேடையில் அடுக்குவதும், மோட்டாரைத் தரைமட்டத்துக்கு மேலே தூக்கி வைப்பதும், காப்பீட்டைப் புதுப்பிப்பதும் அந்தக் கேள்விக்கான பதில்கள்.

● இப்படி அறிக்கை கேட்பது இந்தியா மட்டும் அல்ல. இலங்கையிலும் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் 100 நிறுவனங்களுக்கு 2025 ஜனவரி 1 முதல் காலநிலை அறிக்கை நடைமுறைக்கு வந்துவிட்டது.

● மில்லோ எண்ணெய்ச் செக்கோ உப்பளமோ நடத்துகிறீர்களா? ஒரு நோட்டுப் போடுங்கள். மாதாமாதம் கரண்ட் யூனிட், டீசல் லிட்டர், போர்த் தண்ணீர் அளவு, உமி எடை, கழிவு போன இடம், ஆண் பெண் ஆட்களின் கூலி ஆகியவற்றை எழுதி வாருங்கள். போர் மோட்டாருக்கு ஒரு மீட்டர் பொருத்துங்கள். புது நிதியாண்டு ஏப்ரல் 1-இல் தொடங்குகிறது. முதல் பக்கத்தை அன்றைய தேதியிட்டு எழுதுங்கள்.