ரியாலில் அனுப்பியது, ரூபாயில் சேர்ந்தது

ஆம்பூரில் தைத்த காலணி ஜெர்மனிக்கோ பிரிட்டனுக்கோ கப்பலேறும்போது அதன் விலையை நிறுவனம் டாலரிலோ யூரோவிலோ எழுதுகிறது. பணம் வந்து சேரும் நாளில் ரூபாய் மதிப்பு என்ன, வங்கி எவ்வளவு பிடித்தது என்று கணக்குப் பிரிவில் ஒருவர் பைசா சுத்தமாகப் பார்க்கிறார். அதே கம்பெனியில் தையல் மெஷினில் உட்காரும் பெண்ணின் கணவர் ரியாத்திலோ துபாயிலோ வேலை செய்துகொண்டிருக்கலாம். அவர் மாதாமாதம் அனுப்புவதும் வெளிநாட்டு நாணயம்தான், அதுவும் ரூபாயாக மாறித்தான் வருகிறது. அந்தப் பணத்துக்கு மட்டும் கணக்குப் பிரிவு கிடையாது. ‘பணம் வந்துடுச்சு’ என்ற ஒரு போன் பேச்சோடு அந்த மாதக் கணக்கு முடிந்துவிடுகிறது.

பாலாற்றங்கரையில் வரிசையாக இருக்கும் தோல் ஊர்கள் 2019இல் மூன்று மாவட்டங்களாகப் பிரிந்தன. பேர்ணாம்பட்டு வேலூரில் தங்கியது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூரோடும், மேல்விசாரமும் ராணிப்பேட்டையும் ராணிப்பேட்டை மாவட்டத்தோடும் சேர்ந்தன. ஆனால் பல வீடுகளின் வரவு இன்றும் இரட்டை வரவுதான்: ஒன்று தோல், காலணி வேலையிலிருந்து, மற்றொன்று வளைகுடாவிலிருந்து.

இது சிறிய பணம் அல்ல. ரிசர்வ் வங்கியின் கணக்குப்படி 2023-24இல் வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்தியாவுக்கு அனுப்பியது சுமார் 11,870 கோடி டாலர். அதில் தமிழ்நாட்டுக்கு வந்தது 10.4 சதவீதம். மகாராஷ்டிரத்துக்கும் கேரளத்துக்கும் அடுத்த இடம் நமக்குத்தான். ஆறு வளைகுடா நாடுகளிலிருந்து மட்டும் ஏறக்குறைய 38 சதவீதம் வந்தது. ஒவ்வொரு வீட்டிலும் சில நூறு ரூபாய் கரைந்தால்கூட, ஓர் ஊருக்கு அது பெரும் இழப்பு.

எங்கே கரைகிறது?

இரண்டு இடங்களில் கரைகிறது. ஒன்று, அனுப்பும் கட்டணம். அது ரசீதில் தெரியும். மற்றொன்று, நாணய மாற்று விலை. அது கண்ணில் படாது. சந்தையில் ஒரு ரியாலுக்கு என்ன விலையோ, அதைவிடச் சில காசுகள் குறைத்துக் கொடுத்து, அந்த வித்தியாசத்தைப் பணம் அனுப்பும் நிறுவனம் தன் லாபமாக வைத்துக்கொள்கிறது. ‘கட்டணமே இல்லை’ என்ற விளம்பரத்தைக் கண்டால் முதலில் விலையைப் பார்க்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விலைகள் எடுத்துக்காட்டுக்கு மட்டுமே. கையில் 1,000 ரியால் இருக்கிறது. முதல் இடத்தில் கட்டணம் 15 ரியால், ஒரு ரியாலுக்கு 22 ரூபாய் 40 காசு. வீட்டுக்கு வருவது 22,064 ரூபாய். இரண்டாவது இடத்தில் கட்டணம் இல்லை, ஆனால் விலை 21 ரூபாய் 90 காசு. வருவது 21,900 ரூபாய். கட்டணம் வாங்கிய இடமே 164 ரூபாய் கூடுதலாகத் தந்திருக்கிறது.

இதே 1,000 ரியாலை முதல் இடத்திலேயே இரண்டு முறை, ஐந்நூறு ஐந்நூறாக அனுப்பினால்? இரண்டு முறையும் 15 ரியால் போகும். வீட்டுக்கு வருவது 21,728 ரூபாய். இப்போது இரண்டாவது இடமே மேல். ஆக, எந்த இடம் நல்லது என்பதற்கு ஒரே பதில் கிடையாது. எவ்வளவு அனுப்புகிறோம், எத்தனை தடவை அனுப்புகிறோம் என்பதைப் பொறுத்து அது மாறும்.

நினைவில் வைக்க வேண்டிய கணக்கு ஒன்றே ஒன்று: வீட்டுக்கு வந்த ரூபாயை, அனுப்பியவர் கையிலிருந்து போன மொத்த ரியாலால் வகுத்துப் பாருங்கள். மேலே சொன்ன மூன்று வழிகளில் அது 22.06, 21.90, 21.73 என்று வரும். கட்டணம், விலை வித்தியாசம், வரி எல்லாம் இந்த ஒரு எண்ணுக்குள் அடங்கிவிடும்.

டாலர் ஏறினால் நமக்கென்ன?

சவுதி ரியாலின் மதிப்பு ஒரு டாலருக்கு 3.75 என்று 1986இலிருந்தும், அமீரகத் திர்ஹாமின் மதிப்பு 3.6725 என்று 1997இலிருந்தும் கட்டிவைக்கப்பட்டிருக்கிறது. எனவே டாலர் 84 ரூபாய் என்றால் அதை 3.75ஆல் வகுத்தால் ரியால் 22 ரூபாய் 40 காசு. டாலர் ஏறினால் ரியாலும் திர்ஹாமும் கூடவே ஏறும். காலணியை டாலரில் விற்கும் முதலாளியும், வளைகுடாவில் சம்பளம் வாங்கும் தொழிலாளியும் பார்க்க வேண்டிய விலை ஒன்றுதான். அன்றைய டாலர் விலை செய்தியில் வரும். அதை வகுத்துப் பார்த்தால் பணம் அனுப்பும் எக்ஸ்சேஞ்ச் நிறுவனம் சொல்லும் விலை நியாயமா என்று ஆம்பூரில் இருந்தபடியே தெரிந்துகொள்ளலாம்.

ஆனால் விலை இன்னும் ஏறட்டும் என்று மாதக்கணக்கில் பணத்தைப் பிடித்துவைப்பது வட்டிக் கடன் இருக்கும் வீட்டுக்கு ஒத்துவராது. காத்திருந்து கிடைக்கும் காசைவிட அந்த மாத வட்டி அதிகமாக இருக்கும்.

எந்த வழியில் அனுப்பலாம்?

வளைகுடாவில் எக்ஸ்சேஞ்ச் நிறுவனம் அல்லது வங்கிச் செயலி மூலம் ஊர்க் கணக்குக்கு நேராக அனுப்புவது பரவலான வழி. கணக்கு இல்லாதவர்கள் ரொக்கமாகவும் வாங்கலாம். அதற்கு ரிசர்வ் வங்கியின் வரம்புகள் உண்டு: ஒரு தடவைக்கு 2,500 டாலர் வரை, ஒருவர் ஆண்டுக்கு 30 தடவை வரை பெறலாம். 50,000 ரூபாய் வரை ரொக்கம். அதற்கு மேல் காசோலை அல்லது கணக்கு வழியாகத்தான்.

சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு 2023 பிப்ரவரி 21இலிருந்து இன்னொரு வாசல் திறந்திருக்கிறது. அங்குள்ள பேநவ், இங்குள்ள யுபிஐ என்ற பணப் பரிமாற்ற முறைகள் இரண்டும் இணைக்கப்பட்டன. இந்தியன் வங்கி, ஐஓபி, ஸ்டேட் வங்கி போன்றவற்றில் கணக்குள்ளவர்களுக்கு ஒரு நாளைக்கு 1,000 சிங்கப்பூர் டாலர் வரை கைபேசியிலேயே அனுப்பலாம்.

கணக்கு யார் பெயரில்?

வேலைக்காக வெளிநாடு போனவர் ஊரில் வைத்திருந்த சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது. அதை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். வாடகை போன்ற ஊர் வருமானத்துக்கு அது. அதன் வட்டியில் 30 சதவீதத்துக்குக் குறையாமல் வரி பிடிப்பார்கள். வெளிநாட்டுச் சம்பளத்தைச் சேமிக்க என்.ஆர்.இ. கணக்கு இருக்கிறது. அதன் வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி இல்லை. தேவைப்பட்டால் முழுப் பணத்தையும் திரும்ப வெளிநாட்டுக்குக் கொண்டுபோகலாம். ஊரிலுள்ள மனைவியோ பெற்றோரோ அதிலிருந்து உள்ளூர்ச் செலவுகளைச் செய்ய எழுத்து மூலம் அதிகாரம் தரலாம். ஊர் திரும்பி நிரந்தரமாகத் தங்கினால் வங்கிக்குச் சொல்லி அதைச் சாதாரணக் கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும்.

குடும்பச் செலவுக்கான பணம் மனைவியின் சொந்தக் கணக்குக்கே நேராக வருவது நல்லது. கணவர், பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் அனுப்பும் பணத்துக்கு, தொகை எவ்வளவானாலும், வாங்குபவர் வருமான வரி கட்ட வேண்டியதில்லை. உறவல்லாத நண்பர்களிடமிருந்து ஆண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் வந்தால்தான் வரிக் கேள்வி வரும். ஆகவே அடுத்தவர் கணக்கு வழியாகச் சுற்றி அனுப்ப வேண்டாம். ஒரு நுட்பம் உண்டு: கணவர் கொடுத்த பணத்தை மனைவி வைப்புத்தொகையில் போட்டால், அதன் வட்டி சட்டப்படி கணவரின் வருமானமாகவே கணக்கிடப்படும். பெரிய சேமிப்பை என்.ஆர்.இ. கணக்கில் வைக்கச் சொல்வது இதனால்தான்.

எல்லாக் கணக்கிலும் வாரிசு நியமனம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பேசவே வாய் கூசும் விஷயம்தான். ஆனால் அங்கே ஒருவருக்கு ஏதாவது நேர்ந்துவிட்டால், அந்த ஒரு கையெழுத்து இல்லாத குறைக்காக வங்கிக்கும் நீதிமன்றத்துக்கும் அலைபவர் இங்கிருக்கும் பெண்தான்.

உண்டியல் ஏன் இழுக்கிறது?

அங்கே ஒருவரிடம் ரியாலைக் கொடுத்தால், இங்கே அவருடைய ஆள் வீட்டு வாசலில் ரூபாயைக் கொடுப்பார். இதைத்தான் உண்டியல் என்கிறோம். விலையும் சில காசு கூடுதலாக இருக்கும். இகாமா என்ற குடியிருப்பு அனுமதி காலாவதியானவர்களும், தொழிலாளர் முகாமிலிருந்து எக்ஸ்சேஞ்சுக்குப் போக விடுமுறை கிடைக்காதவர்களும் இதை நாடுகிறார்கள். அவர்கள் நிலைமை புரிகிறது. ஆனாலும் இது அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம், 1999இன்படி சட்ட மீறல். சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது.

அன்றாட ஆபத்து வேறு. இப்போது உண்டியல் பணம் பெரும்பாலும் ரொக்கமாக வருவதில்லை, முன்பின் தெரியாத ஒருவர் கணக்கிலிருந்து வருகிறது. அந்தக் கணக்கில் சைபர் மோசடிப் பணம் கலந்திருந்தால், போலீஸ் சொல்லி வங்கி உங்கள் கணக்கையும் முடக்கக்கூடும். பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய நேரத்தில் சொந்தச் சம்பளத்தையே எடுக்க முடியாமல் நிற்க நேரும். நாளை வீட்டுக் கடனுக்குப் போனாலும் ‘வருமானத்துக்கு ஆதாரம்?’ என்று கேட்பார்கள். உழைத்துச் சம்பாதித்த பணம், காட்ட ஒரு காகிதம்கூட இல்லாமல் நிற்கும்.

விசாவுக்கு முன்பே தொடங்கும் கணக்கு

முதல் ஆண்டு அனுப்பும் பணத்தில் பெரும்பகுதியைத் தின்பது, போவதற்காக வாங்கிய கடன். அரசிடம் பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதன் ஜிஎஸ்டியும்தான். அதற்கு மேல் கேட்டால் ரசீது கேளுங்கள். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் வளைகுடா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும். அப்போது எடுக்கும் பிரவாசி பாரதிய பீமா காப்பீட்டுக்கு இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய். விபத்தில் உயிரிழந்தாலோ நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ 10 லட்சம் ரூபாய் கிடைக்கும். அந்தப் பத்திரத்தின் நகல் ஊரில் இருக்க வேண்டும். கந்துவட்டி வாங்குவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது என்பதும் வீட்டுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வங்கி மீது புகார் என்றால் முதலில் கிளையில் எழுதிக் கொடுங்கள். 30 நாளில் தீர்வு கிடைக்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம். விவரம் கேட்க 14448. ஓடிபி கேட்டு ஏமாற்றிப் பணம் பறித்துவிட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930ஐ அழையுங்கள்.

இவ்வளவையும் செய்ய ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, கணவர் கையிலிருந்து போன ரியால், நம் கணக்குக்கு வந்த ரூபாய், வகுத்தால் வரும் எண் என்று நான்கு பத்தி. மூன்று மாதம் எழுதினால் எந்த வழி லாபம் என்பது தானே தெரிந்துவிடும்.

காலணிக் கம்பெனியில் பெட்டிக்குள் போகும் முன் இடதும் வலதும் ஒன்றோடொன்று சேர்கிறதா என்று கையில் எடுத்துப் பார்க்கும் பெண்களின் கண்ணுக்கு ஓர் இழை பிசகினாலும் தெரியும். கணவர் அனுப்பியதும் இங்கே சேர்ந்ததும் அப்படி ஒரு ஜோடிதான். அதையும் அதே கண்ணோடு சேர்த்துப் பார்த்தே அவர்கள் வாங்கிக்கொள்ள வேண்டும்.